மடித்தே வைத்தால் கெடும் ஜீப் கூரை

கிருஷ்ணகிரி வெயிலில் கூரைத் துணி வெளுத்துவிடும் என்று பயந்து, அதை மடித்துப் பின்னால் கட்டி, ஷெட்டில் மாதக்கணக்கில் ஜீப்பை நிறுத்துகிறவர்கள் பலர். 2020இல் வந்த மகிந்திரா தார் வண்டியின் மடக்குக் கூரை வகையிலும், பழைய ஜீப்புகளிலும் இதே பழக்கத்தைப் பார்க்கிறேன். நானும் அப்படித்தான் செய்தேன். பொங்கலுக்கு மடித்தது, மாங்காய் இறங்கும் வரை பிரிக்கவில்லை.

பிரித்தபோது பின்பக்கப் பிளாஸ்டிக் கண்ணாடியின் குறுக்கே வெள்ளைக் கோடு விழுந்திருந்தது. சில நாளில் அந்தக் கோட்டிலேயே விரிசல் விட்டது. பிளாஸ்டிக் தகடு மடிந்த இடத்தில் நாளாக ஆக இறுகிவிடும். பிறகு எப்படி நிமிர்த்தினாலும் அங்கேதான் உடையும். துணியும் அப்படியே. இழுத்துக் கட்டி நிற்கும்வரை அளவு மாறாது. மடிந்தே கிடந்தால் சுருங்கி, கொக்கி எட்டாமல் போகும். குஷன் கடைக்காரர் தகட்டை மாற்றித் தைத்தபோது சொன்னதை மறக்க மாட்டேன்: "விரிந்து நிற்பதுதான் சார் அதற்கு ஓய்வு." வெயிலுக்குப் பயந்தால் கூரையைப் போட்டே நிழலில் நிறுத்துங்கள்.

அந்த நிழல் மாமரமாக இருக்க வேண்டாம். பூக்கும் பருவத்தில் தத்துப்பூச்சி கசியவிடும் இனிப்புப் பிசின் துணியில் ஒட்டி, அதன்மேல் கரும்பூசணம் படரும்.

எல்லாவற்றிலும் மோசமானது ஈரத்தோடு மடிப்பது. தொப்பூர் கணவாயில் நனைந்து வந்த வண்டியை, மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று மடித்துவிடுவோம். மடிப்புக்குள் காற்றே போகாது. பூசணம் பிடிக்கும், தையல் நூல் இற்றுப்போகும், அந்த வாடை சீட்டிலும் ஏறும். எங்கள் பக்கம் செப்டம்பர், அக்டோபரில் மழை அதிகம். அந்த மாதங்களில் நன்றாக உலராமல் மடிக்கவே கூடாது. காய்ந்த துணியை மடித்து வைத்தாலும் எலிக்கு அது மெத்தைதான்.

கிரானைட் லாரிகள் ஓடும் சாலையோரத்தில் இருப்பவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். தூசியோடு மடித்தால் அது உப்புத்தாள் போலப் பிளாஸ்டிக்கைத் தேய்க்கும். உலர்ந்த துணியால் துடைப்பதும் அதே கேடுதான். முதலில் தண்ணீர் ஊற்றித் தூசியை இறக்குங்கள். மண்ணெண்ணெய், பெட்ரோல் எதுவும் வேண்டாம். ஒரு நாள் பயணத்துக்காக மடிக்கும்போதும் பிளாஸ்டிக்கின் இரு மடிப்புக்கு நடுவே பழைய பருத்தித் துண்டு ஒன்றைச் சுருட்டி வையுங்கள்.

ஏற்கெனவே பல மாதம் மடித்து வைத்துவிட்டீர்களா? இரண்டு பேராக நின்று இழுக்காதீர்கள். காலை பத்து மணி வெயிலில் வண்டியை நிறுத்தி, கூரையைப் பாதி தூக்கி அரை மணி நேரம் விடுங்கள். துணி சூடேறி இளகும். பிறகு கொக்கியை மாட்டிப் பாருங்கள். எட்டவில்லையென்றால் மறுநாளும் அதே வெயிலில் முயலுங்கள்.