எஸ்எஸ்டியா, சுற்றும் டிஸ்க்கா: எதில் எதை வைப்பது?

லெப்டொப்புக்குள் போட, சிப்பில் தரவை வைக்கும் எஸ்எஸ்டிதான். அசையும் பாகம் இல்லாததால் பஸ்ஸில் இடிபட்டாலும் தாங்கும். யோசிக்க வேண்டியது கல்யாணப் படங்களையும் கணக்குகளையும் எதில் வைப்பது என்பதைத்தான்.

கொழும்பில் கணினிக் கடைகள் நிறைந்த யுனிட்டி பிளாசாவில் கடை ஏறி இறங்குகிறவர்கள் எழுதி எழுதி எஸ்எஸ்டி தேய்ந்துவிடுமா என்றுதான் முதலில் கேட்பார்கள். 500 ஜிபி சாம்சங் 870 ஈவோ எஸ்எஸ்டிக்கு உத்தரவாதம் தரும் எழுதும் அளவு 300 டிபி, அதாவது 3 லட்சம் ஜிபி. நாளுக்கு 20 ஜிபி எழுதினாலும் அது தீர 40 வருடம் ஆகும். வீட்டுப் பாவனையில் பயப்பட வேண்டியது டிரைவை இயக்கும் சிப்பான கன்ட்ரோலருக்கு. அது போனால் நேற்று ஓடிய டிரைவ் இன்று கணினி தொடங்கும்போது வரும் பயோஸ் திரையில்கூடத் தெரியாது. சுற்றும் டிஸ்க் (வழமையான ஹார்ட் டிஸ்க்) பல நேரம் முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும்: கோப்பு திறக்க இழுபடும், டிக் டிக் என்று சத்தம் வரும். தரவை மீட்கவும் அதில்தான் வாய்ப்பு அதிகம்.

அலுமாரியில் வைக்கும் பேக்கப் காப்பிக்கு எஸ்எஸ்டி வேண்டாம். சிப் துறைக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பு கேட்பது, எழுதும் ஆயுள் முடிந்த சாதாரண எஸ்எஸ்டி மின்சாரமின்றி 30 பாகையில் ஒரு வருடம் தரவைத் தாங்க வேண்டும் என்பதே. புதியது இன்னும் தாங்கும். ஆனாலும் சூடு கூடினால் தரவைத் தாங்கும் நுண்ணிய செல்களிலுள்ள மின்னேற்றம் வேகமாகக் கசியும். ஏசி இல்லாத கொழும்பு அறை பகலில் 30ஐத் தாண்டுவது புதினமில்லை. சுற்றும் டிஸ்க்கை சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். வெள்ளவத்தைக் கடற்கரைப் பக்கமென்றால் கட்டாயம். உப்புக்காற்று கனெக்டரை அரிக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை செருகி, சில கோப்புகளைத் திறந்து பாருங்கள். எதுவானாலும் ஒரே காப்பி காப்பியல்ல.

மின்வெட்டுக்கு யூபிஎஸ் தேவை. மலிவான எஸ்எஸ்டிகளில் திடீர் மின்தடையைச் சமாளிக்கக் கொஞ்ச மின்சாரம் சேமித்து வைக்கும் கப்பாசிட்டர்கள் இராது, எழுதிக்கொண்டிருந்தது போய்விடும்.

வாங்கிய அன்றே, டிரைவின் நிலையைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் பாருங்கள். புதியதென்று தந்ததில் ஓடிய மணிநேரம் ஆயிரக்கணக்கில் இருந்தால் உடனே திருப்பிக் கொடுங்கள். சுற்றும் டிஸ்க்கில் 05 (மாற்றி ஒதுக்கிய பழுதான இடங்கள்), சி5 (பழுதென்று சந்தேகப்படும் இடங்கள்), சி6 (திருத்த முடியாத இடங்கள்) மூன்றின் மூல மதிப்பும் (raw value) பூச்சியமாக இருக்க வேண்டும். அந்த மென்பொருள் அவற்றைப் பதினாறை அடியாகக் கொண்ட ஹெக்ஸ் எண்ணில் காட்டும். அமைப்பில் வழமையான பத்தடி எண்ணுக்கு (DEC) மாற்றுங்கள், இல்லாவிட்டால் 10 என்பதை 16 என்று புரியாமல் விட்டுவிடுவீர்கள். சி5 ஏறிக்கொண்டே போனால் முதலில் தரவை வெளியே எடுங்கள், ஸ்கேன் பிறகு. தரவு கடத்தும்போது வரும் பிழைகளை எண்ணும் சி7 மட்டும் ஏறினால், பெரும்பாலும் குற்றம் டிஸ்க்கைக் கணினியோடு இணைக்கும் சாட்டா (SATA) கேபிளில். டிஸ்க்கைத் தூக்கிப் போடாமல் கேபிளை மாற்றிப் பாருங்கள். பழைய எண்ணிக்கை அப்படியே நிற்கும், மேலே ஏறாவிட்டால் சரி.