ஊற்றுத் தண்ணீர் குடிக்கலாமா? மலையில் இருப்பவர்களுக்கு ஒரு செய்முறை

நீலகிரியில் பல ஹட்டிகளிலும் (படுகர் ஊர்களிலும்) எஸ்டேட் லைன் வீடுகளிலும் இன்றும் குடிப்பது ஊற்றுத் தண்ணீர்தான். சோலைக்குள்ளிருந்து தெளிவாக வருவதால் யாரும் அதைச் சந்தேகப்படுவதில்லை. ஊற்றும் நிலத்தடி நீர்தான். மேல்சரிவில் பெய்த மழை மண்ணுக்குள் இறங்கி, பாறை வெடிப்புகளின் வழியாக வந்து கீழே கசிகிறது. வழியில் கரைந்ததெல்லாம் கூடவே வரும். அதனால் சோதனையை ஊற்றில் தொடங்காதீர்கள், அதற்கு மேலே தொடங்குங்கள்.

படி 1: மேலே ஏறிப் பாருங்கள்

ஒரு தாளில் ஊற்றைக் குறித்து, அதற்கு மேல் இருக்கும் கழிப்பறைக் குழிகள், மாட்டுக்கொட்டகை, குப்பைமேடு, காய்கறித் தோட்டம், வண்டி ஒர்க் ஷாப் எல்லாவற்றையும் வரையுங்கள். கழிவுநீர்க் குழிக்கும் நீர்நிலைக்கும் குறைந்தது 15 மீட்டர் வேண்டும், 30 இருந்தால் நல்லது. ஆனால் சரிவில் இந்தக் கணக்கை மட்டும் நம்ப முடியாது. அடியில் சிமென்ட் போடாத குழி ஊற்றுக்கு நேர் மேலே இருந்தால், தூரம் சரியாக இருந்தும் வயிற்றுப்போக்கு, டைபாய்டு, மஞ்சள் காமாலைக் கிருமிகள் இறங்கி வரலாம்.

அடுத்தது தோட்டம். கேத்தி பக்கம் கேரட்டும் உருளையும் போடுகிற நிலங்களில் யூரியாவும் கோழி எருவும் நிறையப் போகின்றன. செடி எடுத்துக்கொள்ளாத பங்கு நைட்ரேட்டாக மாறி மழையோடு கீழே இறங்குகிறது. அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. அதிகமானால் பெரியவர்களைவிட ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத்தான் பேராபத்து. அந்தத் தண்ணீரில் பால்பவுடர் கலந்து கொடுத்தால் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகும், உதடும் நகமும் நீலம் பாயும். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் எனக்கு முதல் கவலை இதுதான்.

பழைய தொழிற்சாலை இருந்த இடத்தையும் விடாமல் குறியுங்கள். கொடைக்கானலில் வெப்பமானி செய்த ஆலை 2001-இல் மூடப்பட்டது. ஆனால் அங்கே மண்ணில் கலந்த பாதரசத்தை அகற்றும் விவகாரம் அதன் பிறகும் ஆண்டுக்கணக்கில் நீண்டது.

படி 2: மண்ணும் பாறையும் தருவது

மனிதர் கை படாமலே சில பொருள்கள் தண்ணீரில் சேரும். மலையில் அதிகம் பார்ப்பது இரும்பு. வெள்ளை வாளியில் தண்ணீர் பிடித்து இரவு முழுக்க வையுங்கள். காலையில் அடியில் செம்பழுப்புப் படிவு இருந்தால் அது பெரும்பாலும் இரும்புதான். அந்தத் தண்ணீரில் போட்ட டீயும் வழக்கத்தைவிடக் கறுத்துப்போகும். துணியில் கறை, வாயில் துரு ருசி என்று தொந்தரவுதான் அதிகம், உடனடி ஆபத்து குறைவு. ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு உயரத்திலிருந்து ஊற்றி, படியவிட்டு, மணலில் வடிகட்டினால் பெருமளவு போய்விடும்.

ஃப்ளோரைடு வேறு கதை. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஆழ்துளைக் கிணறுகளில் பாறையிலிருந்தே அது கரைகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய தண்ணீரைப் பல வருடம் குடித்தால் பிள்ளைகளின் பல்லில் கறை விழும், இன்னும் அதிகமானால் எலும்பும் பாதிக்கப்படும். மலையில் போர் போட்டவர்களும் ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

படி 3: கிருமிக்கு முதல் சோதனை

தண்ணீரில் மலக்கிருமி இருக்கிறதா என்று காட்டும் ஹெச்.டு.எஸ். பாட்டிலைக் கேட்டு வாங்குங்கள். குறியிட்ட அளவு தண்ணீரை ஊற்றி மூடி வைத்தால், மலக்கிருமி இருக்கும்போது ஒன்றிரண்டு நாளில் கறுக்கும். ஊட்டிக் குளிரில் இது மெதுவாகத்தான் வேலை செய்யும், அதனால் அடுப்படியில் வெதுவெதுப்பான மூலையில் வையுங்கள். கறுக்கவில்லை என்பதற்காகத் தண்ணீர் சுத்தம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

படி 4: ஆய்வுக்கூடம்

குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் பொதுமக்களும் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். ரசாயனச் சோதனைக்கு ஒரு லிட்டர் சுத்தமான பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசிவிட்டுப் பிடியுங்கள். கிருமிச் சோதனைக்கு அவர்கள் தரும் பாட்டில்தான் வேண்டும். அதை அலசவும் கூடாது, மூடியின் உட்புறத்தைத் தொடவும் கூடாது. ஐஸ் வைத்து, முடிந்தால் ஆறு மணி நேரத்துக்குள் சேர்த்துவிடுங்கள். பி.எச். (அமில-காரத் தன்மை), டி.டி.எஸ். (கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவு), இரும்பு, நைட்ரேட், ஃப்ளோரைடு, ஈ. கோலை (மலக்கிருமி) ஆகியவற்றைக் கேட்டு எழுதி வாங்குங்கள். கோடையில் ஒருமுறை, நல்ல மழை பிடித்ததும் ஒருமுறை கொடுப்பது நல்லது. அழுக்கெல்லாம் இறங்குவது அந்த மழையில்தான்.

படி 5: எதற்கு எது மருந்து

கிருமி என்றால் கொதிக்கவைப்பது போதும். 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் தளதளவென்று கொதித்த பிறகும் மூன்று நிமிடம் விடுங்கள். தொட்டிக்கு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் போதும். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு படிந்ததும் தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்துங்கள்.

நைட்ரேட் என்றால் கொதிக்கவைக்கவே கூடாது. தண்ணீர் ஆவியாகப் போகும், நைட்ரேட் மிஞ்சி இன்னும் செறிவாகும். கேண்டில் ஃபில்டரும், கிருமியைக் கொல்லும் யூ.வி. (புற ஊதா) விளக்கும் அதைத் தொடாது. ஆர்.ஓ. (சவ்வு வழியாக வடிகட்டும் கருவி) குறைக்கும். இல்லையென்றால் குழந்தைக்கு மட்டுமாவது வேறு தண்ணீர் கொண்டுவாருங்கள்.

அப்புறம் ஊற்றையே காப்பாற்றுங்கள். ஊற்றுக்கண்ணைச் சுற்றி மூடியோடு சிறு தொட்டி, வழிந்தோடும் குழாய்க்கு வலை, மேல்புறம் மழைத் தண்ணீரைத் திருப்பிவிடும் வாய்க்கால், மாடு வராமல் வேலி வேண்டும். மேலே தோட்டம் வைத்திருப்பவரையும் கையோடு கூட்டிவந்து காட்டுங்கள். எருக் குவியலை அந்தப் பக்கத்திலிருந்து தள்ளிவைக்க வேண்டியவர் அவர்தான்.