மகளின் முதல் மான் துப்பாக்கி: உதை பயம் போனது இப்படித்தான்

விஸ்கான்சினில் நவம்பர் வந்துவிட்டால் மான் வேட்டைதான் பேச்சு. என் மாமனார் வீட்டில் அது பரம்பரைப் பழக்கம். என் பன்னிரண்டு வயது மகளிடம் தன் பழைய .30-06 ரைஃபிளைக் (.30-06 என்பது அதில் போடும் தோட்டா வகை) கொடுத்தார். பயிற்சி மைதானத்தில் குண்டு கண்டபடி போனது. எல்லாரும் ஸ்கோப்பை, அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கியைக் குறை சொன்னார்கள்.

அவளுக்குத் தெரியாமல் தோட்டாக்களுக்கு நடுவே ஒரு டம்மி தோட்டாவை, அதாவது வெடிமருந்து இல்லாத தோட்டாவைச் சேர்த்தேன். வெறும் 'டிக்' சத்தம்தான். ஆனாலும் குழல் முனை சட்டென்று கீழே குத்தியது, கண் இறுக மூடிக்கொண்டது. சுடும்போது துப்பாக்கி தோளில் பின்னால் இடிக்குமே, அந்த உதைக்குப் பயந்திருக்கிறாள்.

முதலில் அளவு. காலித் துப்பாக்கியின் தோளில் வைக்கும் கட்டையை மடக்கிய முழங்கையின் உள்பக்கம் பொருத்தினால், ஆள்காட்டி விரல் நுனி விசையில் சௌகரியமாகப் படிய வேண்டும். அவளுக்கு எட்டவே இல்லை. விசையிலிருந்து கட்டையின் அடிவரை பெரியவர்களுக்கு 13.5 அங்குலம் போல இருக்கும். சிறுவர் மாடலில் ஒரு அங்குலமாவது குறைவு. கட்டையில் தகடு சேர்த்து நீட்டிக்கொள்ளும் மாடலாக வாங்கினேன். வளர்கிற பிள்ளையாயிற்றே!

தோட்டா, 1955-ல் வந்த .243 வின்செஸ்டர். உதை .30-06-ல் ஏறக்குறைய பாதிதான். 100 கிரெயின் (சுமார் 6.5 கிராம்) குண்டு வெள்ளைவால் மானுக்குப் போதும். கடைக்காரர் காட்டிய மிக லேசான மாடலை வேண்டாம் என்றேன். எடை குறைந்தால் உதை கூடும். உதையைக் குறைக்கக் குழல் முனையில் பிரேக் என்ற துணைக்கருவி மாட்டலாம், ஆனால் சத்தம் காதைப் பிளக்கும்.

சில வாரம் உதையே தெரியாத சிறிய .22 ரைஃபிள் மட்டும். காதில் பிளக், அதன்மேல் மஃப். பிறகு .243-லும் டம்மி வைத்துப் பார்த்தேன், குழல் அசையவில்லை. மாமனார்தான் இன்னும் "பொம்மைத் துப்பாக்கி" என்று முணுமுணுக்கிறார்.