பனியாற்றை அருகில் காணச் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பனியாற்றைக் காணச் செல்வோர் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை, அதை அசையாத பாறையாக எண்ணிவிடுவதிலிருந்தே பிறக்கின்றன. தன் எடையாலேயே இடைவிடாமல் கீழ்நோக்கி நகர்ந்தும், வெயிலிலும் மழையிலும் உருகியும் வருகிற அதன் முகப்பிலிருந்து பனிப்பாளங்கள் எந்த நேரத்திலும் உடைந்து விழலாம்.

ஆகவே, முகப்பைக் கையால் தொட வேண்டும், அதனடியில் நின்று படம் எடுக்க வேண்டும் என்ற ஆசையை முதலில் கைவிட வேண்டும். நியூசிலாந்தின் ஃபாக்ஸ் பனியாற்றில், 2009 ஜனவரியில், தடுப்புக் கயிற்றைத் தாண்டிச் சென்ற சகோதரர் இருவர் சரிந்த பனியின் அடியில் சிக்கி உயிரிழந்தனர். ஏரியிலோ கடலிலோ முடியும் பனியாறாக இருந்தால், விழும் பாளம் எழுப்பும் அலையும் சிதறும் துண்டுகளும் கரையில் நிற்பவரையும் தாக்கும். அர்ஜென்டினாவின் பெரிட்டோ மொரேனோ பனியாற்றில் 1968 முதல் 1988 வரை இவ்வாறு 32 பேர் இறந்தனர். இன்று அங்கே நடைபாதைகள் எதிர்க்கரைச் சரிவில் தள்ளி அமைந்திருப்பதை யாரும் குறையாகக் கருதக் கூடாது. மிதக்கும் பனிமலையை ஒட்டிப் படகைச் செலுத்துவதும் இதே வகைத் தவறுதான்: அதன் பெரும்பகுதி நீருக்கடியில் இருப்பதால், உருகும்போது சமநிலை குலைந்து அது திடீரெனப் புரண்டுவிடும்.

பனியாற்றின் மேல் தனியே நடப்பது இன்னும் கொடிய தவறு. பல மீட்டர் ஆழமுள்ள வெடிப்புகளைப் புதுப்பனி மெல்லிய கூரைபோல மூடியிருக்கும். முன்னால் சென்றவரின் காலடித் தடம் தெரிவதால் மட்டும் அது நம் எடையையும் தாங்கும் என்று நம்ப முடியாது. பயிற்சி பெற்ற வழிகாட்டி, கயிறு, காலணியில் மாட்டும் இரும்பு முட்கள் ஆகிய மூன்றும் இல்லாமல் பனியில் ஏறக் கூடாது. வழிகாட்டி இன்றைக்கு வேண்டாம் என்று சொன்னால், வெகுதூரம் வந்துவிட்டோமே என்று அவரிடம் மன்றாடுவது அவரையும் சேர்த்து ஆபத்தில் தள்ளுவதாகும்.

பனிக்குகைகளை உருகுநீரே குடைகிறது என்பதால், கோடையில் அவற்றின் கூரை வலுவிழக்கிறது. ஐஸ்லாந்தின் பிரெய்டமெர்குர்யோகுல் பனியாற்றில் 2024 ஆகஸ்ட்டில் பனி சரிந்து ஒருவர் உயிரிழந்தபோது, அந்தக் குழுவினர் வழிகாட்டியுடன்தான் சென்றிருந்தனர். எனவே குகைக்குள் செல்லும் பயணத்தைக் கடுங்குளிர் மாதங்களுக்கு ஒதுக்குவதே சரி.

மேகமூட்டமான நாளில் கறுப்புக் கண்ணாடி தேவையில்லை என்று நினைப்பவர்களும் உண்டு. மேகத்தைக் கடந்து வரும் புற ஊதாக் கதிரைப் பனி திருப்பி அனுப்புவதால் கண் வெந்து, சில மணி நேரத்துக்குப் பிறகே வலி தெரியத் தொடங்கும். திரும்பும் நேரத்தையும் முன்பே கணக்கிட வேண்டும்: காலையில் எளிதாகக் கடந்த ஓடை, பகல் வெயிலில் பனி உருகி, பிற்பகலில் கடக்க முடியாத அளவுக்குப் பெருகிவிடலாம்.