திருவொற்றியூர் மொட்டை மாடியில் ஒரு நெபுலா

எங்கள் திருவொற்றியூர் வானம் இரவிலும் கருப்பாகாது. தெற்கே துறைமுக வெளிச்சம், தெருவெல்லாம் எல்இடி. ஆனாலும் ஓரியன் விண்மீன் கூட்டத்தில் இருக்கும் வாயு, தூசி மேகமான ஓரியன் நெபுலா (எம்42) இங்கே படத்தில் சிக்கும். என்னிடம் இருப்பது 114 மி.மீ. தொலைநோக்கியும் சாதாரண போனும்தான்.

முதலில் நாள் பாருங்கள். தை மாதம், அமாவாசையை ஒட்டி, இரவு பத்து மணி. அப்போது ஓரியன் உச்சிக்குப் பக்கத்தில் நிற்கும். போகி இரவு மட்டும் வேண்டாம், புகைதான் மிஞ்சும்.

அடுத்து, ஓரியனின் நடுவே வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களைப் பிடியுங்கள். அவற்றுக்கு வடக்கே சிவந்த திருவாதிரை, தெற்கே வெள்ளை ரைஜெல். மூன்றுக்கும் ரைஜெலுக்கும் நடுவே மங்கலாகத் தொங்கும் சின்ன வரிசைதான் இலக்கு. 25 மி.மீ. ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) சாம்பல் புகையும், அதற்குள் நெருக்கியடித்த நான்கு நட்சத்திரங்களும் தெரியும். இளஞ்சிவப்பை எதிர்பார்க்காதீர்கள், அது கேமராவுக்குத்தான் தெரியும்.

போனைக் கையில் பிடிக்க வேண்டாம். நான் அப்படி எடுத்த இருநூறு படத்தில் ஒன்றுகூடத் தேறவில்லை. போனை ஐபீஸோடு பிடித்து நிறுத்தும் அடாப்டர் வாங்கி, பகலிலேயே தூரத்து செல்போன் டவரைப் பார்த்துப் பொருத்திப் பழகுங்கள். சூரியன் பக்கம் மட்டும் திருப்பவே கூடாது.

இனி செட்டிங்ஸ். ப்ரோ மோடு, மெயின் லென்ஸ், ரா ஃபார்மட் (போன் மெருகேற்றாத மூலப் படம்), ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 1600, ஷட்டர் அரை நொடி. போன் ஃபோகஸை இன்ஃபினிட்டியில் வைத்துவிட்டு, ரைஜெல் ஊசிமுனையாகும் வரை தொலைநோக்கியின் குமிழைத் திருகுங்கள். மூன்று நொடி டைமர் கட்டாயம். கீழே தண்ணீர் மோட்டார் ஓடினால் நிற்கும் வரை பொறுங்கள். அந்த அதிர்வில் நட்சத்திரமெல்லாம் புழுவாக நெளியும்.

ஏன் அரை நொடி? பூமி சுழல்வதால் நெபுலா நிமிடத்துக்குக் கால் டிகிரி, அதாவது நிலவின் பாதி அகலம், நகர்ந்துவிடும். ஷட்டரை நீட்டினால் புள்ளி கோடாகும். அதனால் நூறு படம் எடுங்கள், நடுநடுவே நெபுலாவை மையத்துக்குக் கொண்டு வாருங்கள். அப்புறம் குழாயை மூடி அதே செட்டிங்ஸில் இருபது கருப்புப் படம், கேமராவின் சொந்தக் கறைகளைக் கழிக்க.

எல்லாவற்றையும் டீப்ஸ்கைஸ்டாக்கர் என்ற கணினி மென்பொருளில் போட்டு ஒரே படமாக அடுக்குங்கள், இலவசம்தான். நூறு படம் அடுக்கினால் புள்ளிப்புள்ளியான இரைச்சல் ஏறக்குறைய பத்தில் ஒன்றாகிவிடும். பின்னணியில் நகர வெளிச்சம் காவியாகப் படிந்திருக்கும். சிரில் மென்பொருளில் பின்னணியை நீக்கினால், இறக்கை விரித்த மாதிரி இளஞ்சிவப்பு மேலே வரும்.