பெற்றோல் பிக்கப்பில் பிளக்கும் பிசிவி வால்வும் மாற்றும் முறை

யாழ்ப்பாணத்தில் ஓடும் பிக்கப்புகளில் பெரும்பாலானவை டீசலில் ஓடுபவை. அவற்றில் தீப்பொறி தரும் பிளக் கிடையாது. இங்கே எழுதப்படுவது பெற்றோலில் ஓடும் நான்கு சிலிண்டர் வாகனங்களுக்கானது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் அனுமதிக்கப்படும் வரை, வெங்காயத்தையும் புகையிலையையும் மீனையும் பழைய வாகனங்களே சுமந்தன. அவற்றுள் பல இன்னமும் சுமக்கின்றன. அத்தகைய எஞ்சின் நின்ற நிலையில் நடுங்கினால் நான்கு பிளக்குகளை வாங்கிப் பூட்டிவிடுவது வழக்கமாக இருக்கிறது. பழைய பிளக் எதனால் கெட்டது என்று பாராமல் புதியதைப் பூட்டினால், அதே காரணம் புதியதையும் கெடுத்துவிடும். பழைய எஞ்சின்களில் அந்தக் காரணம் பல வேளைகளில், எவரும் தொட்டுப் பாராத பிசிவி வால்வாக, அதாவது எஞ்சினுக்குள் தேங்கும் வாயுவை வெளியேற்றும் சிறு வால்வாக, இருக்கிறது. ஆகவே இரண்டையும் ஒரே வேலையாகச் செய்ய வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

பிஸ்ரன் வளையங்கள் எவ்வளவு நன்றாக இருந்தாலும், எரிந்த வாயுவில் ஒரு பகுதி அவற்றைக் கடந்து கீழே ஒயில் உள்ள அறைக்குள் இறங்கும். அதில் எரியாத பெற்றோலும், நீராவியும், அமிலத்தன்மை உள்ள பொருள்களும் இருக்கும். பிசிவி வால்வு இந்த வாயுவை, எஞ்சின் காற்றை உறிஞ்சும் மனிபோல்ட்டுக்குள் அளவோடு அனுப்பி மீண்டும் எரியவிடுகிறது. வால்வு அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி ஒயில் சீல்கள் கசியத் தொடங்கும். ஒயிலும் சேறாகத் தடிக்கும். மாறாக, திறந்தபடி இறுகிவிட்டால் காற்று மிதமிஞ்சி உள்ளே போய் எஞ்சின் நடுங்கும். ஒயிலும் இழுபட்டுப் போய் பிளக்கை நனைக்கும். வீட்டுக்கும் சுன்னாகம் சந்தைக்குமாகக் குறுகிய தூரம் ஓடும் வாகனங்களுக்கு இந்தத் தொல்லை கூடுதல். எஞ்சின் போதிய நேரம் சூடாகாததால் நீராவி வெளியேறாமல் ஒயிலோடு கலந்துவிடுகிறது. ஒயில் ஊற்றும் மூடியின் அடியில் மஞ்சள் நிறக் களி படிந்திருப்பது பெரும்பாலும் இதன் அடையாளமே. ஆனால், ரேடியேற்றர் தண்ணீரும் குறைந்துகொண்டு வருமானால் எஞ்சின் தலைக்கு (ஹெட்) அடியிலுள்ள ஹெட் காஸ்கற்றைச் சோதிக்க வேண்டும்.

எதையும் கழற்றுவதற்கு முன் வால்வைச் சோதிக்கவும். பெரும்பாலான எஞ்சின்களில் அது எஞ்சின் தலையை மூடும் டப்பெற் கவரின் மேல் ஒரு ரப்பர் வளையத்துக்குள் செருகப்பட்டிருக்கும். அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய் மனிபோல்ட்டுக்குப் போகும். எஞ்சினை ஓடவிட்டு, குழாய் பூட்டியபடி இருக்க, வால்வை மட்டும் கவரிலிருந்து உருவி அதன் திறந்த வாயை விரலால் மூடினால், விரலை இழுக்கும் உறிஞ்சல் தெரிய வேண்டும். உறிஞ்சல் இல்லையென்றால் வால்வோ குழாயோ அடைத்திருக்கிறது. பின்னர் எஞ்சினை நிறுத்தி, வால்வைக் கழற்றிக் காதருகே குலுக்கவும். உள்ளே சிறு துண்டு கிலுகிலுவென்று ஆடினால் அது அசைகிறது என்று அறியலாம்; ஆனால் உள்ளிருக்கும் சுருள்வில் தளர்ந்திருப்பதை அந்தச் சத்தம் காட்டாது என்பதால், அதை மட்டும் நம்பிப் பழைய வால்வை விட்டுவைக்க வேண்டாம்.

இனி எஞ்சின் முழுமையாக ஆறும் வரை பொறுத்திருக்கவும். அலுமினிய ஹெட்டிலிருந்து பிளக்கைச் சூட்டோடு கழற்றினால் புரி பிய்ந்துவிடக்கூடும். அந்த ஒரு புரியைத் திருத்துவதற்கு ஆகும் செலவு இந்த முழு வேலையின் செலவையும் மிஞ்சும். தென்மேற்குக் காற்றான சோளகம் வீசும் மாதங்களில் வலிகாமத்துச் செம்மண் தூள் பிளக் குழிகளில் அப்பிக் கிடக்கும். பிளக்கைத் தளர்த்துவதற்கு முன் அதை ஊதி அகற்றாவிட்டால் தூள் சிலிண்டருக்குள் விழும். சைக்கிள் பம்பே இதற்குப் போதும். தீவுப் பக்கம் ஓடும் வாகனங்களில் உப்புக்காற்றால் பிளக் துருவேறிப் பிடித்திருந்தால், துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு வைத்திருந்து கழற்றவும்.

ஒரு நேரத்தில் ஒரு பிளக்கை மட்டும் கழற்றிப் பூட்டினால் வயர்கள் இடம் மாறா. வயரைப் பிடித்து இழுக்காமல், அதன் ரப்பர் தொப்பியைச் சற்றுத் திருகி இழுக்கவும். பழைய எஞ்சின்களில் பிளக் சொக்கற் பெரும்பாலும் 21 மில்லிமீற்றர், பிந்தியவற்றில் 16. கழற்றிய நான்கையும் சிலிண்டர் வரிசைப்படி ஒரு வெள்ளைத் துணியில் அடுக்குங்கள்.

இந்த வேலையில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இந்தத் துணிதான். முனை இளம் மண்ணிறமாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் எரிதல் சரி. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெற்றோல் மிகுதியாகப் போகிறது, அல்லது காற்று வடி அடைத்திருக்கிறது. வெளுத்துக் கொப்புளித்திருந்தால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிறது, அல்லது பெற்றோல் போதாமல் எரிகிறது. ஒயில் ஈரம் நான்கிலும் இருந்தாலோ, மனிபோல்ட்டில் பிசிவி குழாய் சேரும் இடத்துக்கு அண்மையிலுள்ள சிலிண்டரில் கூடுதலாக இருந்தாலோ, முதலில் பிசிவி வால்வையே ஐயுற வேண்டும். வேறோர் இடத்தில் ஒன்று மட்டும் நனைந்திருந்தால் அந்தச் சிலிண்டரின் வளையமோ வால்வு சீலோ தேய்ந்திருக்கலாம். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், சொட்டுப் பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டப்பட்ட வாகனங்களின் பிளக்குகளைக் கழற்றிக் கரி துடைத்துப் பழகிய மூத்த மெக்கானிக்குகள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். பிளக் முனையைப் பார்த்து எஞ்சினின் நிலையைச் சொல்லும் அவர்களது அறிவை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் அன்று வேறு வழியின்றிச் செய்த கம்பித் தூரிகைத் துடைப்பு இன்று தேவையில்லை. தூரிகை பீங்கானில் விட்டுச்செல்லும் உலோகக் கீறலின் வழியே மின்சாரம் கசியும்.

புதிய பிளக்கின் இலக்கம் கைநூலில் உள்ளதாகவே இருக்க வேண்டும். பிளக் இலக்கத்தில் உள்ள வெப்ப எண்ணில், டென்சோ நிறுவனத்தின் 16உம் என்ஜிகேயின் 5உம் ஏறத்தாழ ஒரே வெப்ப அளவு. இந்த இரண்டிலும் எண் கூடக் கூட வெப்பத்தை விரைவாக வெளியேற்றும் பிளக் என்று பொருள். பொஷ், சம்பியன் பிளக்குகளில் இது தலைகீழ் என்பதைக் கடையில் மாற்றுப் பிளக் கேட்கும்போது மறவாதீர்கள். பிளக் முனைகளின் இடைவெளி, பிளற்றினம் (டிஸ்ரிபியூட்டருக்குள் இருக்கும் பொயின்ற்) பூட்டிய பழைய எஞ்சின்களில் பெரும்பாலும் 0.8 மில்லிமீற்றர், பிந்தியவற்றில் 1.1 வரை இருக்கும். சாதாரண பிளக்கானால் தகட்டு அளவியால் சரிபார்த்து, பக்க முனையை மட்டும் மெல்ல வளைக்கவும். இரிடியம் பிளக்கின் நுண்ணிய முனையில் எதையும் அழுத்த வேண்டாம்.

பூட்டும்போது முதற் சில சுற்றுகளைக் கையாலேயே சுற்ற வேண்டும். ஆழமான குழியானால் பிளக்கின் தலையில் ஒரு துண்டு ரப்பர் குழாயைச் செருகிச் சுற்றுங்கள். புரி கோணலாக ஏறினால் குழாய் வழுக்கிக் காட்டிக்கொடுக்கும். புரியில் கிரீஸ் பூச வேண்டாம்; வழுக்கலால் அளவுக்கு மீறி இறுகிவிடும். டோர்க் ரென்ச் இருந்தால் கைநூல் சொல்லும் அளவுக்கு இறுக்கவும். இல்லாவிட்டால், வாசர் உள்ள புதிய 14 மில்லிமீற்றர் பிளக்கைக் கையால் இறுகும் வரை சுற்றி, பின் ஸ்பானரால் அரைச் சுற்று முதல் மூன்றில் இரண்டு சுற்று வரை இறுக்கினால் போதும். வாசர் இல்லாத கூம்பு வடிவப் பிளக்கிற்குப் பதினாறில் ஒரு சுற்றே அளவு.

வால்வை மாற்றும்போது ரப்பர் வளையத்தையும் குழாயையும் சேர்த்தே மாற்றவும். காய்ந்து வெடித்த வளையத்திலும், ஒயிலில் ஊறித் தொய்ந்து உறிஞ்சலில் ஒட்டிக்கொள்ளும் குழாயிலும் புதிய வால்வு ஒழுங்காக வேலை செய்யாது. வாங்கும்போது வாகனத்தின் மொடலைச் சொல்லிக் கேளுங்கள். ஒரே பருமனில் உள்ள வால்வுகள் எல்லாம் ஒரே அளவு வாயுவை விடுபவை அல்ல. கவர்ப் பக்கத்திலிருந்து ஊதினால் காற்று எளிதாகப் போக வேண்டும், மனிபோல்ட் பக்கத்திலிருந்து ஊதினால் தடைப்பட வேண்டும். பூட்டும் திசையை இதைக் கொண்டே உறுதி செய்யலாம். ஒயில் கறுத்துத் தடித்திருந்தால் அதையும் அன்றே மாற்றிவிடுங்கள்.

எஞ்சினைக் கிளப்பி, குழாய் இணைப்புகளில் சீறும் ஒலி உண்டா என்று கேளுங்கள். சில நூறு கிலோமீற்றர் ஓடியபின், முன்பு நனைந்திருந்த சிலிண்டரின் பிளக்கை மட்டும் மீண்டும் கழற்றிப் பாருங்கள். அப்போதும் ஒயில் ஈரம் இருந்தால் வேறு பிளக் வாங்காமல் அழுத்தச் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும்.