புளி தீர்ந்துபோன அன்று செய்யக்கூடாதவை

சமையலுக்கு உதவியாகப் புதிதாக வந்த பெண், போன வாரம் கொதிக்கிற சாம்பாருக்கு மேலே பாதி எலுமிச்சம்பழத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். பதினைந்து வருடத்துக்கு முன்னால் நானும் அப்படித்தான் நின்றேன், தடுக்க ஆளில்லை. ஒன்று இல்லையென்று இன்னொன்றைப் போட்டு, ஒன்றோடு இன்னொன்றைக் கலந்து, வீட்டில் செய்கிற தப்புகளைத்தான் இங்கே சொல்கிறேன். உப்பு என்று நினைத்துச் சர்க்கரையைப் போடுவதையெல்லாம் சொல்லப்போவதில்லை. அதெல்லாம் ஒரு வாய் சாப்பிட்டால் தானே புரியும்.

புளிக்குப் பதில் எலுமிச்சை

அன்றைக்கு முப்பது பேருக்கு வளைகாப்புச் சாப்பாடு. இருந்த புளியெல்லாம் புளியோதரைக்கே போய்விட்டது. விடியற்காலை, கடை திறக்கவில்லை. புளிப்புதானே வேண்டும் என்று எலுமிச்சம்பழங்களை ஒட்டப் பிழிந்து சாம்பாரில் ஊற்றி, புளித்தண்ணீரைக் கொதிக்கவிடுவது போலவே கால் மணி நேரம் விட்டேன்.

கசந்தது. நாக்கில் வைத்ததும் தெரியவில்லை, விழுங்கிய பிறகு தொண்டையில் நின்றது. வெல்லம் போட்டேன், கசப்போடு இனிப்பும் சேர்ந்தது. அப்புறம் தண்ணீர், அப்புறம் சாம்பார்ப் பொடி. கடைசியில் ஒரு அண்டா சாம்பாரைச் சாக்கடையில் கொட்டிவிட்டு ஓட்டலில் வாங்கினேன். அன்றைய கூலி அதிலேயே போனது. பணம் போனதுகூட மறந்துவிட்டது. தக்காளிக் கூடை என் காலடியிலேயே இருந்ததை நினைத்தால்தான் இன்னும் எரிச்சல் வருகிறது.

புளியைக் கொதிக்கவிட்டால்தான் பச்சை வாசனை போகும். எலுமிச்சை நேர்மாறு: கொதித்தால் மணம் பறந்து கசப்பு மிஞ்சும், விதையும் தோலும் நசுங்கியிருந்தால் இன்னும் மோசம். ஆகவே பொருளை மாற்றினால் அதைச் சேர்க்கும் நேரத்தையும் மாற்ற வேண்டும். நாலு பேருக்கான சாம்பார் என்றால் மூன்று நாட்டுத் தக்காளியைக் குழைய வேகவிடுங்கள். பருப்பு வெந்த பிறகு அதைச் சேர்த்துவிடுங்கள். புளிப்பு முதலிலேயே சேர்ந்தால் பருப்பு சீக்கிரம் குழையாது. அடுப்பை அணைத்து, கொதி அடங்கியதும் அரை மூடி எலுமிச்சை பிழிந்தால் போதும். மாங்காய்க் காலமென்றால் நாலு துண்டு மாங்காய் போடலாம், அது கொதியைத் தாங்கும்.

வத்தக்குழம்புக்கு எலுமிச்சை வேண்டவே வேண்டாம். அதில் புளிதான் குழம்பே.

இன்னொன்று. 'எலுமிச்சை அளவு புளி' என்று எழுதியிருப்பதைப் பார்த்து, அப்படியானால் ஒரு எலுமிச்சம்பழம் சரியாக இருக்கும் என்று அந்தப் பெண் கணக்குப் போட்டிருக்கிறாள். சிரித்தேன், ஆனால் தப்பு அவள் மேல் மட்டும் இல்லை.

சரி, மோர்க்குழம்பு வைத்துவிடலாம் என்றால்

வைக்கலாம். அரைக்கும் விழுதில் ஊறவைத்த துவரம்பருப்போ அரிசியோ இருக்கட்டும், இல்லையென்றால் மோர் திரிந்துவிடும். தளதளவென்று கொதிக்க விடாமல், நுரை கட்டி வரும்போதே இறக்குங்கள்.

கல் உப்புக்குப் பதில் தூள் உப்பு

அதே கரண்டியால் அளக்காதீர்கள். கல்லுக்கு நடுவில் இடைவெளி உண்டு, தூளில் இல்லை. முக்கால் கரண்டி போட்டு ருசி பாருங்கள்.

பேக்கிங் பவுடருக்குப் பதில் ஆப்ப சோடா

கால் பங்கு, கூடவே கொஞ்சம் தயிர். அதே அளவு போட்டால் கேக்கில் சோப்பு வாடை வரும்.

வாஷிங் மெஷினில் பாத்திரம் கழுவும் திரவம்

நுரை தரைக்கு வரும்.

பிளீச்சிங் பவுடரோடு வினிகர்

விஷ வாயு. கூடவே கூடாது.